10 நியூட்டனில் 6 எங்கே போனது?

வழவழப்பான மேசைமேல் இரண்டு மரக்கட்டைகள் ஒட்டி நிற்கின்றன. ஒன்று 3 கிலோ, இன்னொன்று 2 கிலோ. 3 கிலோ கட்டையை 10 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம். இரண்டு கட்டைகளும் ஒன்றையொன்று எவ்வளவு விசையோடு தள்ளிக்கொள்ளும்?

என் மகள் 10 என்று எழுதியிருந்தாள். புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை 4. ராத்திரி ஒன்பதரை மணி. நான் அடுப்படியில் தோசை மாவைக் கலக்கி மூடிக்கொண்டிருந்தேன். நோட்டோடு வந்து நின்றாள்.

"பத்து நியூட்டன்ல தள்ளுனா பத்துதானேம்மா அந்தப் பக்கம் போகும்? மீதி ஆறு எங்க போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. "நாளைக்கு மிஸ்கிட்ட கேளு" என்று அனுப்பிவிட்டேன்.

நான் பிளஸ் டூ முடித்தது 1994-இல். முதல் குரூப்தான். இயற்பியலில் 200-க்கு 121. செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணைக் கழித்துவிட்டால் வெளியில் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. கணக்குகளையும் மனப்பாடம் செய்து எழுதிய கூட்டத்தில் ஒருத்தி நான். 3 கிலோவுக்குப் பதில் 4 கிலோ என்று மாற்றிக் கேட்டால் பேனா நின்றுவிடும். அப்புறம் பி.காம்., அப்புறம் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலை. பேரேட்டைக் கையால் எழுதிப் பழகி, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறிய தலைமுறை. சாயங்காலம் கணக்கு நேராகாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது.

மறுநாள் கவுண்டரில் ஒருவர் 10,000 ரூபாய் கட்டினார். அதில் 4,000-ஐத் தம்பி கணக்குக்கு மாற்றச் சொன்னார். (சரியாக அதே தொகைதானா என்று கேட்காதீர்கள். கதைக்காகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.) அண்ணன் பாஸ்புக்கில் வரவு 10,000, பற்று 4,000, கூடிய இருப்பு 6,000. தம்பி பாஸ்புக்கில் வரவு 4,000. தம்பியின் புத்தகத்தில் 10,000 என்ற எண் எங்கேயும் வராது. அவருக்கு அந்தப் பத்தாயிரத்தோடு நேரடிச் சம்பந்தமே கிடையாது. சீட்டில் முத்திரை குத்தும்போதுதான் மண்டையில் அடித்தது. ராத்திரி கேட்ட ஆறு இதுதானே!

வீட்டுக்கு வந்ததும் அவளை உட்காரவைத்து இரண்டு பக்கம் எழுதினோம். 3 கிலோ கட்டையின் புத்தகம்: கையிடமிருந்து வரவு 10, பக்கத்துக் கட்டை எதிர்த்துத் தள்ளுவதால் பற்று 4, நிகரம் 6. ஆறை மூன்றால் வகுத்தால் முடுக்கம் 2. இனி 2 கிலோ கட்டையின் புத்தகம்: வரவு 4 மட்டும். நாலை இரண்டால் வகுத்தால் முடுக்கம் அதே 2. இரண்டும் ஒட்டியே போவதால் முடுக்கம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அந்த நிபந்தனைதான் நாலு என்று தீர்மானிக்கிறது. மொத்தப் பத்தும் அந்தப் பக்கம் போனால் முதல் கட்டைக்கு நிகரம் சுழியம், அது நகராது. ஆனால் முன்னால் இருப்பது முடுக்கம் 5-இல் ஓடும். நகராத கட்டை, ஓடுகிற கட்டையை எப்படித் தள்ளிக்கொண்டே இருக்கும்?

அவள் சும்மா விடுகிற பெண் இல்லை. "ஆனா விசைங்கிறது சேத்துவைக்கிற பொருள் கிடையாதேம்மா. ஆறு மிச்சம்னா எதுல மிச்சம்?"

இதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பாடப்புத்தகத்திலேயே இருந்தது, நான் 1994-இலேயே ஒப்பித்த வரிதான்: உந்தம் மாறும் வீதமே விசை. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். 10 நியூட்டன் என்றால் வினாடிக்கு 10 அலகு உந்தம் கைமாறுகிறது என்று அர்த்தம். கையிலிருந்து வினாடிக்குப் பத்து வருகிறது. முதல் கட்டை ஆறை வைத்துக்கொண்டு நாலைத் தம்பிக்குத் தள்ளிவிடுகிறது. ஒரு வினாடி கழித்துப் பாருங்கள். இரண்டும் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும். பெரியதிடம் மூன்றிரண்டு ஆறு, சின்னதிடம் ஈரிரண்டு நாலு. நேராகிவிட்டது. ஆக இருப்பில் சேர்கிற பணம் உந்தம். விசை அது கைமாறுகிற வேகம். இதை எழுதி முடித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. முப்பது வருஷம் தாமதமாக வந்த சிரிப்பு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். விசைக் கணக்கு எதுவானாலும் படத்துக்கு மேலே "இது யார் புத்தகம்?" என்று எழுதிவிட்டுத்தான் அம்பு போட வேண்டும். பாடத்தில் இதற்குத் தனித்த பொருளின் விசைப்படம் என்று பெயர். ஒரு புத்தகத்தில் அந்த ஆளின் வரவும் பற்றும் மட்டும்தான் இருக்கும். மாட்டுவண்டிக் குழப்பம் இதில் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். மாடு வண்டியை இழுக்கிற அளவுக்கே வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்கிறது, பிறகு எப்படி நகரும் என்று கேட்பார்கள் இல்லையா? வண்டியின் புத்தகத்தில் மாடு இழுப்பதும் சக்கரப் பக்கத்து உராய்வும்தான் உண்டு. மாட்டை இழுக்கும் விசை மாட்டின் புத்தகத்துக்குப் போகும். அங்கே குளம்பைத் தரை அதைவிடக் கூடுதலாக முன்னோக்கித் தள்ளினால் மாடு கிளம்பிவிடும்.

சட்டம் போட்டவளே அதை மீறியதையும் சொல்லிவிடுகிறேன். மேசைமேல் புத்தகம் சும்மா இருக்கிறது. எடை கீழே, மேசை தருகிற செங்குத்து விசை மேலே, இரண்டும் சமம். "செயல், எதிர்ச்செயல். மூன்றாம் விதி" என்று அடித்துச் சொன்னேன். வகுப்பில் அவள் அப்படியே எழுதிச் சிவப்பு மை வாங்கிவந்தாள். அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ரெண்டும் ஒரே ஆளோட புத்தகத்துல இருக்கு. ஜோடின்னா வேற வேற புத்தகத்துல இல்ல இருக்கணும்?" என்றாள். உண்மைதான். பூமி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தாங்குவதற்கு ஜோடி, புத்தகம் மேசையை அழுத்துவது. எடையும் செங்குத்து விசையும் இங்கே சமமாக இருப்பதற்குக் காரணம் புத்தகம் முடுக்கம் இல்லாமல் இருப்பதுதான். லிஃப்டில் வைத்து மேலே கிளப்பினால் சமமாக இருக்காது. பத்து வருஷ அனுபவம் உள்ள எழுத்தர் ஒரே கணக்கில் இரண்டு பதிவையும் போட்டால் மேலாளர் என்ன சொல்வாரோ, அதையெல்லாம் என் மகள் சொன்னாள்.

உராய்வில் எல்லாரும் விழுகிற குழி ஒன்று உண்டு. 2 கிலோ பெட்டி, நிலை உராய்வுக் குணகம் 0.5, கிடைமட்டமாக 6 நியூட்டனில் தள்ளுகிறோம், உராய்வு விசை எவ்வளவு? ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் செங்குத்து விசை 20, அதில் பாதி 10. உடனே 10 என்று எழுதிவிடுவோம். 6 நியூட்டனில் தள்ளுகிற பெட்டியை 10 நியூட்டனில் உராய்வு எதிர்த்தால் பெட்டி தள்ளுகிறவர் பக்கம் திரும்பி வரும்! 10 என்பது உச்சவரம்பு. பயிர்க்கடன் வரம்பு ஒரு லட்சம் என்று அனுமதித்திருந்தால், அவர் ஒரு லட்சமும் எடுத்துவிட்டதாக எழுத முடியுமா? கேட்டதைத்தான் கொடுத்திருப்போம். நிலை உராய்வும் கேட்டதைத்தான் கொடுக்கும், வரம்பு வரைக்கும். இங்கே விடை 6. கடன் வரம்பு என்றதும் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அப்பா வாங்கிய கிரெடிட் கார்டு பற்றிய சண்டைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

சாய்தளத்தில் எங்கே சைன், எங்கே காஸ் என்று தடுமாறினால் சாய்வைச் சுழியமாக்கிப் பார்த்தால் போதும். தட்டையான பலகையில் கீழே இழுக்க ஒன்றும் இருக்காது, சுழியப் பாகையில் சுழியமாவது சைன்தான், அதனால் சரிவோடு போகிற பங்குக்குச் சைன். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கப்பிக் கணக்கில் எனக்கு ஒரு பிரியம், பாட்டி வீட்டுக் கிணற்று ராட்டினத்தால் இருக்கலாம். கயிற்றின் ஒரு முனையில் 3 கிலோ, மறுமுனையில் 2 கிலோ. இழுவிசை எவ்வளவு? 30 என்றும் எழுதுவார்கள், 20 என்றும் எழுதுவார்கள், சிலர் வீரமாக 50. இரண்டு புத்தகம் போட்டால் முடுக்கம் 2, இழுவிசை 24 என்று வரும். கணக்குப் போடுவதற்கு முன்பே விடை 20-க்கும் 30-க்கும் நடுவில்தான் என்று சொல்லிவிடலாம். 2 கிலோ மேலே கிளம்ப வேண்டுமானால் கயிறு 20-க்கு மேல் இழுத்தாக வேண்டும். 3 கிலோ கீழே இறங்க வேண்டுமானால் 30-க்குக் குறைவாகத் தாங்க வேண்டும். கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திய ஜார்ஜ் அட்வுட் 1784-இல் வெளியிட்ட நூலில் இந்த அமைப்பை விவரித்திருக்கிறார். சும்மா விழுகிற பொருள் அளக்கவிடாமல் ஓடிவிடும். இப்படிக் கட்டினால் முடுக்கம் பத்துக்குப் பதில் இரண்டாகிறது. ஒரு பக்கம் 51, மறுபக்கம் 49 என்று மாட்டினால் 0.2 ஆகிவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாக அளக்கலாம்.

இனி மோதல். உந்தம்தான் பணம் என்று முடிவாகிவிட்டதால் இதில் அதிகம் தகராறு இருக்காது என்று நினைத்தேன். 2 கிலோ உருண்டை வலப்பக்கமாக வினாடிக்கு 3 மீட்டர். 3 கிலோ உருண்டை இடப்பக்கமாக வினாடிக்கு 4 மீட்டர். மோதி ஒட்டிக்கொள்கின்றன. அவள் 6-ஐயும் 12-ஐயும் கூட்டி, ஐந்தால் வகுத்து, 3.6 வலப்பக்கம் என்று எழுதினாள். இடப்பக்கம் வருவது கடன். ஆறு ரூபாய் இருப்பு உள்ளவரும் பன்னிரண்டு ரூபாய் கடன் உள்ளவரும் கூட்டுக் கணக்கு தொடங்கினால் கணக்கில் ஆறு ரூபாய் கடன்தான் இருக்கும். மைனஸ் ஆறை ஐந்தால் வகுத்தால் மைனஸ் 1.2. இடப்பக்கம்.

அழுகிற மாதிரி இருந்தாள். அதனால் டெகார்ட் கதையைச் சொன்னேன். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டெகார்ட் 1644-இல் மோதலுக்கு ஏழு விதிகள் எழுதிவைத்தார். அளவையும் வேகத்தையும் பெருக்கினார், திசையை விட்டுவிட்டார். அதனால் அசையாமல் நிற்கிற பெரிய பொருளில் சின்னது எவ்வளவு வேகமாக மோதினாலும் பெரியது நகராது, சின்னது அதே வேகத்தில் திரும்பிவிடும் என்கிற அளவுக்குப் போய்விட்டார். தெருவில் கோலி விளையாடும் பையனே ஒப்புக்கொள்ள மாட்டான். 1668, 1669 வாக்கில் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் என்ற மூன்று அறிஞர்கள் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பிய பிறகுதான் விஷயம் நேரானது. டெகார்ட்டே விட்ட மைனஸை நீ விட்டதில் என்ன வெட்கம் என்றேன். "அவருக்கு யார் மார்க் கொறச்சா?" என்றாள்.

அதே கணக்கில் இயக்க ஆற்றலையும் போட்டுப் பார்த்தோம். முன்னால் 9-ம் 24-ம் சேர்த்து 33 ஜூல். பின்னால் 3.6 ஜூல். "பாத்தியா, என் 3.6 வந்துருச்சு!" என்று குதித்தாள். வேறு இடத்தில், வேறு அலகில், தற்செயலாக வந்திருந்தது. ஆனாலும் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கவில்லை. போன 29.4 ஜூல், சூடு, சத்தம், நசுங்கல் என்று செலவாகிவிட்டது. எந்த மோதலிலும் உந்தக் கணக்கு பைசா பிசகாமல் நேராகும். இயக்க ஆற்றல் கணக்கு நேராக வேண்டும் என்று கட்டாயமில்லை. நேரானால் மீட்சி மோதல், இல்லாவிட்டால் மீட்சியற்ற மோதல்.

ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து கேரம் போர்டை இறக்கினோம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே ஸ்ட்ரைக்கரையும் ஒரு காயையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய், மதிய இடைவேளையில் நகைக்கடன் தராசில் வைத்துப் பார்த்தேன். ஸ்ட்ரைக்கர் 14.8 கிராம், காய் 5.1. நகை மதிப்பீட்டாளர் எட்டிப்பார்த்து, "எத்தனை கேரட் மேடம்?" என்றார். போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது, காய் 5-லிருந்து 5.5 கிராம். வீட்டுக் கணக்குக்கு 15, 5 என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் காயால் காயை அடித்தோம். ஒரே நிறை, நேர் மோதல், முழு மீட்சி என்றால் மோதிய காய் அதே இடத்தில் நிற்க வேண்டும், மற்றது அதன் வேகத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போக வேண்டும். போரிக் பவுடர் தூவி, கறுப்புக் காயைச் சுண்டி வெள்ளைக் காயில் அடித்தாள். நேராகப் படுவது லேசில்லை. இருபது தடவை சுண்டியதில் மூன்றுதான் உருப்படி. அந்த மூன்றிலும் கறுப்பு அப்படியே நிற்கவில்லை. பின்னாலேயே ஒரு சென்டிமீட்டர் போல ஊர்ந்து போய் நின்றது. வெள்ளை 48-லிருந்து 50 சென்டிமீட்டர் வரை போனது. தையல் டேப்பால் அளந்தேன்.

49-க்கு 1 என்று வைத்தோம். இரண்டையும் ஒரே உராய்வுதான் நிறுத்துகிறது, எனவே போன தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி இருக்கும். தூரம் 49 மடங்கு என்றால் வேகம் 7 மடங்கு. கறுப்பு 1, வெள்ளை 7. கூட்டினால் மோதுவதற்கு முன் கறுப்பிடம் இருந்தது 8. எட்டில் நெருங்கி, ஆறில் விலகியிருக்கின்றன. ஆறை எட்டால் வகுத்தால் 0.75, இதற்குத்தான் மீட்சிக் குணகம் என்று பெயர். மோதும் அந்த நொடித்துணுக்கில் பலகை உராய்வும் உந்தத்தைத் திருடாதா என்று கேட்டாள். திருடும், ஆனால் நேரம் அவ்வளவு குறைவு என்பதால் சில்லறைதான்.

நியூட்டனும் இதையேதான் ஊசல்களைக் கட்டி மோதவிட்டுச் செய்திருக்கிறார். 1687-இல் வெளியான அவரது நூலில் எண்கள் இருக்கின்றன: இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைகள் 9 பங்கு வேகத்தில் நெருங்கினால் 5 பங்கில் விலகும், கண்ணாடி உருண்டைகள் 16-க்கு 15. எங்கள் காய் கம்பளிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிறது. தையல் டேப்புக்கு இது போதும்.

அப்புறம் ஸ்ட்ரைக்கர். மூன்று மடங்கு கனம். முழு மீட்சி என்று வைத்தால் நேர் மோதலுக்குப் பிறகு ஸ்ட்ரைக்கருக்குப் பாதி வேகம் மிஞ்சும், காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் பாயும். நம் 0.75-ஐப் போட்டால் ஸ்ட்ரைக்கருக்குப் பாதிக்கும் சற்று அதிகமாகவே மிஞ்சுகிறது. சின்ன வயதில் நேராக அடித்த ஒவ்வொரு தடவையும் காய்க்குப் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் விழுந்து, ஜெயித்த காயைத் திருப்பி வைத்து, அண்ணனிடம் திட்டு வாங்கியதற்கு இதுதான் காரணம். நான் அடிக்கத் தெரியாதவள் இல்லை. ஸ்ட்ரைக்கரின் கனம் காய் அளவுக்கே இருந்திருந்தால் அது பாதியில் நின்றிருக்கும். இதை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

சாய்வாக அடித்தால் ஒரே நிறையுள்ள காய்கள் செங்கோணத்தில் பிரிய வேண்டும். பவுடரில் விழுந்த தடத்தைப் பாகைமானி வைத்து அளந்தாள். 80, 84 என்று வந்ததே ஒழிய 90 வரவில்லை. எனக்குச் சப்பென்றாகிவிட்டது. முழு மீட்சி இருந்தால்தான் 90, நம்மிடம் 0.75 என்றால் குறையத்தான் வேண்டும் என்று அவளே தாளில் போட்டுக் காட்டினாள். 45 பாகையில் மோதினால் 83 வருகிறது.

மாலை காபி வைத்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து கத்தினாள். "அம்மா, கணக்கு உதைக்குது!" காயைச் சட்டத்தில் அடித்துத் திரும்ப வரவிட்டிருக்கிறாள். போகும்போது பிளஸ், வரும்போது மைனஸ். அந்த வித்தியாசம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. சட்டத்துக்குப் போனது, சட்டத்திலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து ஸ்டூலுக்கு, ஸ்டூலிலிருந்து தரைக்கு, கடைசியில் பூமிக்கு. எங்கள் பாஷையில் தலைமை அலுவலகக் கணக்கு. வினாடிக்கு 2 மீட்டரில் போய் 1.5-இல் திரும்பிய 5 கிராம் காய் அங்கே அனுப்புவது 0.0175 அலகு. பூமியின் நிறை 6-க்குப் பின் 24 சுழியம் கிலோ. அது வாங்கிக்கொள்கிற வேகத்தை எழுத, புள்ளிக்குப் பின் 26 சுழியம் போட்டுவிட்டு ஒரு 3 போட வேண்டும்.

"அப்ப நகருது" என்றாள்.

"நகருது. ஆனா அத..."

"பூமிய சொல்லலம்மா. போர்ட."

போர்டின் மூலையில் ஸ்டூல்மேல் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். ஒரு பக்கச் சட்டத்திலேயே அடித்துக்கொண்டிருந்ததில் போர்டு கோட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் போல நகர்ந்திருந்தது. அவள் அப்பா தினத்தாளின் விளம்பரப் பக்கத்தை நாலாக மடித்து ஸ்டூலுக்கும் போர்டுக்கும் நடுவில் செருகிவிட்டு, கறுப்பா வெள்ளையா என்று கேட்டு உட்கார்ந்தார். பயிற்சியில் பன்னிரண்டாவது கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.